அப்பாவுக்காகப் போன பூங்கா

அம்மா போன பிறகு அப்பாவை ஊரில் தனியாக விட மனம் வரவில்லை. 2022 பிப்ரவரியில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். அண்ணா நகரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது, அவருக்குத் தனி அறை இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கிறது. ஒரு குறையும் வராது என்றுதான் நினைத்தேன்.

ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். ஊரில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வயல் வரப்பில் ஒரு சுற்று போய், வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர். எழுபத்து நாலு வயதிலும் அவரிடம் யாரும் 'கொஞ்சம் நடங்க' என்று சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருந்ததில்லை. அதே மனிதர் இங்கே சோபாவில் உட்கார்ந்தபடி பகலெல்லாம் கண்ணயர்வார். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு பால்கனியில் நிற்பார். சாப்பாடு குறைந்தது. பேச்சு அதைவிடக் குறைந்தது. "என்னப்பா பண்ணுது?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல பாப்பா" என்பார்.

என் உடம்பும் அப்போது சரியில்லை. கணக்கு வேலை எனக்கு. கொரோனாவில் வீட்டுக்கு வந்த வேலை அப்படியே வீட்டிலேயே தங்கிவிட்டது. நாற்காலியை விட்டு எழுவதே சமையலறைக்குப் போகத்தான். நாற்பத்தெட்டு வயதில் ரத்தப் பரிசோதனை செய்தபோது எச்பிஏ1சி 6.3 என்று வந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு அது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். "மாத்திரை இப்ப வேணாம். தினமும் அரை மணி நேரம் நடங்க, சோத்தைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்க ஆரம்பித்தேன். சிமெண்ட் தரை, தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு. பத்து நிமிடம் ஆகியிருக்கும் என்று போனைப் பார்த்தால் நாலு நிமிடம்தான் ஆகியிருக்கும். மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வருடம் ஜிம்மில் பணம் கட்டியதும் ஒரு மாதத்தோடு நின்றது. எனக்கு மன உறுதி போதவில்லை என்றே நம்பியிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை அப்பாவை மட்டும் வெளியே கூட்டிப்போகலாம் என்று டவர் பார்க்குக்குப் போனோம். விஸ்வேஸ்வரய்யா பூங்கா என்பது அதன் பெயர், ஆனால் அண்ணா நகரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1968-இல் இங்கே உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தபோது கட்டிய 135 அடி கோபுரம் நடுவில் நிற்கிறது. சுற்றிலும் மரங்கள். உள்ளே நுழைந்து பத்தடி போனதுமே வெளி ரோட்டின் ஹாரன் சத்தம் தணிந்துவிடும்.

அப்பா ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று அதன் பட்டையைத் தடவிப் பார்த்தார். "நம்மூரு ரோட்டுல நிக்கிற மரந்தான் இது" என்றார். கொஞ்சம் தள்ளி சரக்கொன்றை பூக்கத் தொடங்கியிருந்தது. புங்கன், பூவரசு, வாகை என்று அவர் பெயர் சொல்லிக்கொண்டே வர, நான் பின்னால் நடந்தேன். எங்கேயோ உச்சியில் 'டொக், டொக்' என்று யாரோ செம்பு தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். "குக்குறுவான்" என்றார். நான் அந்தச் சத்தத்தை வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். பறவை என்றே தெரியாது. அன்று ஒரு சுற்றுதான், நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தோம். வீடு வரும் வழியில் அப்பா பேசியது, அந்த ஒரு மாதத்தில் பேசியதைவிட அதிகம்.

மறுநாள் ஐந்தரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மூன்று வாரத்தில் முதலில் சரியானது தூக்கம். இதற்கு மாயம் ஒன்றும் இல்லை. நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைக் காலை வெளிச்சம்தான் முடுக்கிவிடுகிறது. வீட்டுக்குள் எவ்வளவு டியூப்லைட் போட்டாலும் வானத்தின் வெளிச்சத்துக்கு அது ஈடாகாது. ஊரில் இருந்தவரை அவருக்குத் தானாகக் கிடைத்துக்கொண்டிருந்த வெளிச்சத்தை நாங்கள் மூன்றாவது மாடியில் வைத்துப் பறித்திருக்கிறோம். தூக்க மாத்திரை கேட்டு டாக்டரிடம் போகலாமா என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. போகத் தேவைப்படவில்லை. வயதானவர்களுக்குத் தூக்கம் கெட்டால், மாத்திரைக்கு முன் அவர்கள் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பெஞ்சு. பூங்காவில் ஒரு வளைவில் நாலைந்து பெரியவர்கள் தினமும் கூடுகிறார்கள். அதில் ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'ரயில்வே சார்'. மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி என்பதில் பேச்சு தொடங்கியது, அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு சமயம் காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் காலை போன் வந்தது: "ஏன் சார் வரல? உடம்பு சரியில்லையா?" அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஊரில் தன்னைத் தேடவும் ஆள் இருக்கிறது என்ற நிறைவு அது. எந்த டானிக்கும் அதைத் தராது.

அவர் பெஞ்சில் இருக்கும் நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று நான் சுற்ற ஆரம்பித்தேன். முதலில் இரண்டு சுற்று. அப்புறம் நாலு. ஒரு மாதம் கழித்து போனைப் பார்த்தபோது தினமும் நாற்பது நிமிடம் நடந்துகொண்டிருந்தேன். அதை ஒரு நாளும் நான் எண்ணவில்லை. மொட்டை மாடியில் நாலு நிமிடத்தைத் தள்ள முடியாதவள் நான்தான். உறுதி புதிதாக முளைக்கவில்லை, இடம்தான் மாறியிருந்தது. அங்கே பார்ப்பதற்கு ஏதாவது இருந்தது. நேற்று மொட்டாக இருந்தது இன்று பூத்திருக்கும். எதிரே வரும் அக்கா சிரிப்பார். ஆகவே, நடையைத் தொடங்க நினைக்கிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால், எத்தனை ஸ்டெப் என்பதை அப்புறம் பேசலாம், முதலில் போக ஆசைப்படும் ஒரு இடத்தைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பச்சையைப் பார்ப்பதற்கே ஒரு பலன் இருக்கிறதா என்று பிறகு தேடிப் படித்தேன். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த படுக்கையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. 2019-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் நடத்திய ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று தெரிந்தது. அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற கேள்வி இந்த மாதிரி ஆய்வுகளில் எப்போதும் இருக்கும். அந்தக் கேள்வி நியாயமானது. அப்பா விஷயத்தில் எது முதலில் வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

என்னைப் போல வாசற்படியில் நிற்பவர்களுக்கு, நம் ஊரிலேயே செய்த ஒரு ஆய்வு இருக்கிறது. சென்னையின் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்டது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையையும் உணவையும் மாற்றியவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. மாரத்தான் ஓடச் சொல்லவில்லை; தினமும் குறைந்தது அரை மணி நேர விறுவிறு நடைதான். எனக்கு ஒன்பது மாதத்தில் 6.3 என்பது 5.8 ஆனது. நடை மட்டுமே செய்தது என்று சொன்னால் பொய். ராத்திரிச் சோற்றைப் பாதியாகக் குறைத்திருந்தேன், காபியில் சர்க்கரையை விட்டிருந்தேன். ஆனால் காலையில் நடந்துவிட்டு வந்த நாளில்தான் மற்றதையும் ஒழுங்காகச் செய்ய மனம் வந்தது.

இனி, தவறிய இடங்களைச் சொல்கிறேன். இவை யாருக்காவது உதவும்.

முதலாவது என் குதிகால். வேகம் பிடித்த ஆர்வத்தில் தேய்ந்துபோன செருப்போடு ஒரு மாதத்திலேயே ஒன்றரை கிலோமீட்டரை ஐந்தாக்கினேன். ஆறாவது வாரம் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்துவது போல வலி. பாதத்தின் அடியில் ஓடும் தசைநார்ப் பட்டை வீங்கியிருக்கிறது என்றார்கள். சரியாக நாலு மாதம் ஆனது. குதிகாலில் மெத்தென்று இருக்கும் ஷூ வாங்கினேன். வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தினேன். ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் அடியில் உருட்டினேன். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை இழுத்துவிடும் பயிற்சியைத் தினமும் செய்தேன். நடையை முழுதாக விடாமல் தூரத்தை மட்டும் குறைத்தேன். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்பதை அந்த நாலு மாதம் கற்றுக்கொடுத்தது.

இரண்டாவது, இன்னும் பயமானது. அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. ஊர் வழக்கப்படி எழுந்ததும் மாத்திரை போட்டுவிடுவார். ஊரில் அதன் பின்னாலேயே டீயும் பிஸ்கட்டும் உண்டு. இங்கே மாத்திரை போட்டுக் கறுப்புக் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தவர், ஏழரை மணிக்குப் பெஞ்சில் வியர்த்து விறுவிறுத்துப் போனார். கை நடுங்கியது, பேச்சு குழறியது. நான் பாதையின் அந்தக் கோடியில் இருந்தேன். ரயில்வே சார் தன் பையில் வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். நான் ஓடி வருவதற்குள் அப்பா தெளிந்துகொண்டிருந்தார்.

சர்க்கரை மாத்திரைகள் எல்லாமே இப்படிச் செய்வதில்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்றவையும் இன்சுலினும் வெறும் வயிற்றோடும் நடையோடும் சேர்ந்தால் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. நம் மாத்திரை எது, நடைக்கு முன் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு நடந்துவிட்டு வந்து, காலை உணவோடு போடும்படி மாற்றிக் கொடுத்தார்கள். அவர் சட்டைப் பையில் இப்போது எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கும், கூடவே பெயரும் என் போன் நம்பரும் எழுதிய ஒரு சீட்டு. தாழ்ந்துவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் காத்திருத்தல், சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு. மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று. பல பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதை இருக்கிறது, அதில் வெறுங்காலோடு நடந்தால் நல்லது என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் நடக்கிறார்கள். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்களுக்குக் கீறல் விழுந்தாலும் தெரியாது, அது புண்ணாகி நிற்கும். அப்பாவை நான் அந்தப் பக்கம் விடுவதில்லை. ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுவோம்.

வேகத்துக்கு என் கணக்கு எளிது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது இந்த மாதிரி மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. இதைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். அப்பா பெஞ்சைப் பிடிக்காமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவார். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் பஸ் படி ஏறுவது சுலபமாகிவிட்டது என்றார். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல் இருந்தால் 'இந்தச் சுற்றை முடித்துவிடலாம்' என்று நினைக்காமல் அங்கேயே உட்கார்ந்து ஆளைக் கூப்பிட வேண்டும்.

சென்னையின் பருவத்தையும் மதிக்க வேண்டும். மே மாதத்தில் ஏழு மணிக்கே புழுக்கம் தாங்காது. ஐந்தே முக்காலுக்குள் தொடங்கினால்தான் உண்டு, அதுவும் நிழல் பாதையில். மரம் வெறும் குடை இல்லை; இலை வழியே நீரை வெளியே விட்டுச் சுற்றுக் காற்றையும் குளிர வைக்கிறது. அதே நேரத்தில் ரோட்டோரத் தார்ச்சாலையில் நடந்து பாருங்கள், வித்தியாசம் தோலிலேயே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்த தளக்கற்கள் வழுக்கும். எழுபது தாண்டியவர்கள் அந்த நாட்களில் வீட்டு வராந்தாவிலேயே நடக்கட்டும், ஒரு இடுப்பெலும்பு முறிவுக்கு முன்னால் நாலு நாள் நடை ஒன்றுமே இல்லை. மார்கழியில் பனியும் புகையும் கலந்து தாழ்வாக நிற்கும். போகியன்று நாங்கள் போவதில்லை. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதிலும் விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். மழைக்காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

விட்டமின் டி பற்றி ஒரு தவறான நம்பிக்கை எனக்கு இருந்தது. ஆறு மணி வெயில் பட்டால் போதும் என்று நினைத்து ஒரு வருடம் நடந்தேன். பரிசோதனையில் குறைவாகவே இருந்தது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்த விட்டமினை உண்டாக்கும் கதிர் நம்மிடம் ஏறக்குறைய வந்து சேர்வதே இல்லை. உச்சியை நெருங்கும் நேரத்தில்தான் வரும், நம் மாநிறத் தோலுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். ஆகவே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், போட்டுக்கொள்கிறேன். காலை நடை தருவது வேறு, அதற்காக அது குறைந்துவிடவில்லை.

என் பையன் ஐந்தாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்டவன். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டுப் பார்த்ததில், மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம்; வழக்கம்போல இருந்தவர்களில் 39.5 சதவீதம். 2015-இல் வந்த இந்த முடிவைப் படித்த பிறகு அவனை மாலையில் தாத்தாவோடு அனுப்பிவிடுகிறேன். கண்ணாடி போகாது, ஆனால் தாத்தாவிடம் அவன் இருபது மரத்தின் பெயர் கற்றிருக்கிறான்.

பக்கத்தில் பெரிய பூங்கா இல்லாதவர்கள் என்ன செய்வது? ஏரிக்கரை, கோயில் பிரகாரம், விடுமுறை நாளில் பள்ளி மைதானம், மரம் வரிசையாக நிற்கும் ஒரு தெரு போதும். 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தேர்ந்தெடுத்தது. உங்கள் ஊரில் எது என்று விசாரித்துப் பாருங்கள். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. பெரியவர்களை அழைத்துப்போகும் இடம் என்றால் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உட்கார இடம், திறந்திருக்கும் கழிப்பறை, ஆள் நடமாட்டம். பெண்கள் தனியாகப் போவதற்கும் மூன்றாவதுதான் முக்கியம். நான் இருட்டோடு போவதே இல்லை, கூட்டம் வரும் நேரத்தில்தான் போவேன்.

பன்னிரண்டு வருடமாக மூடியிருந்த கோபுரம் 2023 மார்ச்சில் திறந்தது. கூட்டம் குறையட்டும் என்று சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை மெதுவாக ஏற்றிக் கூட்டிப்போனேன். உச்சி வரை போகவில்லை. நாலைந்து தளம், ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. ஒரு வருடம் முன்பு சோபாவிலிருந்து எழுந்திருக்கவே யோசித்தவர் அவர். மேலிருந்து பார்த்தால் நாங்கள் தினமும் நடக்கும் பாதையே தெரியவில்லை, எல்லாம் இலை. நடுவில் கொன்றை மட்டும் மஞ்சளாக. நான் எங்கள் கட்டடம் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்பா கம்பியைப் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரயில்வே சார் வந்துட்டாரு பாரு" என்றார், இலைகளுக்கு நடுவே தெரிந்த பெஞ்சைக் காட்டி. "வா, இறங்குவோம்."